கை படாமல் செய்த சிடி

11.2.2008

மூன்றாம் நம்பர் மெஷினும் படுத்துவிட்டது. டக் டக் என்று ஒரு சத்தம், அப்புறம் நீலத் திரை. கரண்ட் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் போய் வருவதில் ஹார்ட் டிஸ்க்குகள் ஒவ்வொன்றாய்ச் சாகின்றன.

அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். "பாதி மெஷின் ஓடல. லீவு வரப்போவுது, பசங்க கேம் ஆட வருவானுங்க. எதுல உக்கார வெக்கறது? விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நெட் சென்டர் வெச்சதுக்கு பஜ்ஜி கட வெச்சிருக்கலாம்."

அத்தை உடனே, "பஜ்ஜி கடன்னா மருமவ மாவு கரைச்சாவது குடுத்திருப்பா. கம்ப்யூட்டர் படிச்சவள கட்டிக்கினு வந்து இன்னா புண்ணியம்?" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு யோசனை வந்தது.

14.2.2008

ஹார்ட் டிஸ்க்கே வேண்டாம். இதுதான் யோசனை.

சிடியைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினால் விண்டோஸ் இல்லாமல் நேராக ஆட்டம் திரையில் வர வேண்டும். லினக்ஸில் முடியும். சின்ன லினக்ஸ் ஒன்று இருக்கிறது, ஒரு சிடியின் ஓரத்தில் ஒடுங்கிக்கொள்ளும். அதைப் பிரித்து, வேண்டாததை எல்லாம் பிடுங்கிப் போட்டு, கலர் குண்டு சுடும் ஆட்டத்தை மட்டும் வைத்து மறுபடி கட்ட வேண்டும். மொத்தமும் மெமரிக்குள் ஏறிக்கொண்டால் சிடியை வெளியே எடுத்து அடுத்த மெஷினில் போடலாம். கரண்ட் போனாலும் கெட்டுப்போக உள்ளே ஒன்றும் இருக்காது. வைரஸ் வந்தாலும் ஒட்ட இடம் இல்லை.

அவரிடம் சொன்னேன். "பண்ணேன். யாரு வேணான்னாங்க? கொழந்த தூங்கற நேரத்துல பண்ணு."

இது சம்மதமா, சலிப்பா? எதுவாக இருந்தால் என்ன. ஒரு பழைய மெஷினைப் படுக்கையறை மூலையில் கொண்டுவந்து வைத்துக் கொடுத்தார். அது போதும்.

2.3.2008

இதுவரை எழுதிய சிடி எல்லாம் வீண். நேற்று எழுதியது பாதி தூரம் வந்து, ஏதோ ஒரு ஃபைல் கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டது. எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று எனக்கே தடுமாற்றம். ஒன்றை எடுத்தால் சத்தம் போகிறது, இன்னொன்றை எடுத்தால் கீபோர்டு செத்துப்போகிறது.

வீணான சிடிகளை அத்தை வாங்கிப்போய் மொட்டை மாடியில் வடாமுக்குக் காக்கா விரட்ட நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மாவிடம், "எம் மருமவ படிச்ச படிப்பு இப்பத்தான் ஒதவுது" என்று சொன்னது கீழே வரை கேட்டது.

23.3.2008

வந்துவிட்டது!

எழுத்துகள் மளமளவென்று ஓடின. ஒரு கணம் கறுப்பு. போச்சு என்று நினைத்தேன். அப்புறம் திரை முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாய்க் குண்டுகள். சிடியை வெளியே எடுத்துவிட்டேன். ஆட்டம் நிற்கவில்லை.

யாரிடம் சொல்வது? அவரைத் தட்டி எழுப்பினேன். "ம்... நல்லாருக்கு" என்று திரும்பிப் படுத்துவிட்டார். இலக்கியாதான் சத்தத்தில் விழித்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு என் மடியில் ஏறி, "குண்டு!" என்றாள். இரண்டு பேரும் ஆடினோம். அவள் ஒரு பொத்தான், நான் மற்றதெல்லாம்.

கல்லூரி முடித்த பிறகு இந்தக் கைக்கு இன்றுதான் வேலை கிடைத்தது.

9.4.2008

எழுத முடியவில்லை. ஆஸ்பத்திரி. இலக்கியா தூங்குகிறாள். மூச்சு வருகிறது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

12.4.2008

வீட்டுக்கு வந்துவிட்டோம். நடந்ததை எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

வீட்டில் ஓடும் சிடி கடை மெஷினில் கறுப்புத் திரை காட்டுகிறது என்று அவர் சொன்னதால் சரிசெய்துகொண்டிருந்தேன். இலக்கியா மடியில்தான் இருந்தாள். உடம்பு சுட்டிருக்கிறது. மடியில்தானே இருந்தாள், எனக்கு எப்படித் தெரியாமல் போனது? வெயில் காலம், எல்லாமே சுடுகிறது என்று இருந்துவிட்டேனா? திடீரென்று கையும் காலும் வெட்டி இழுத்தது. கண் மேலே செருகிவிட்டது. அத்தை ஓடிவந்தபோது நான் பிள்ளையை அணைத்துக்கொண்டிருந்தேன், எதிரில் குண்டுகள் மின்னிக்கொண்டு இருந்தன. அத்தை பார்த்தது அதைத்தான்.

டாக்டர் தெளிவாகச் சொன்னார். "இது காய்ச்சல் வலிப்பும்மா. சின்னக் குழந்தைங்க சிலருக்கு வரும். அஞ்சு வயசு தாண்டினா பெரும்பாலும் நின்னுடும். காய்ச்சல் வந்தா கவனமா பாத்துக்கங்க." கம்ப்யூட்டரால் வருமா என்று நானே கேட்டேன். "சம்பந்தமே இல்ல."

அத்தையும் கூடத்தான் இருந்தார். ஆட்டோவில் வரும்போது சொன்னார்: "டாக்டரு ஆம்பள. அவரு வூட்ல பொம்பள பொட்டி முன்னால உக்காந்துக்கினு புள்ளய உட்டாளா?"

5.5.2008

அமாவாசை. மேல்மலையனூர் பஸ்ஸில் நிற்க இடமில்லை. கோயிலில் அதைவிட. எலுமிச்சம்பழமும் வியர்வையும் கற்பூரமும் கலந்த கூட்டத்தில் இலக்கியாவைத் தோளைவிட்டு இறக்கவே இல்லை.

சந்நிதி தெரிந்ததும் அத்தை என் வலது கையைப் பிடித்துத் தூக்கினார். ஏலத்தில் தூக்குகிற மாதிரி. சத்தமாகச் சொன்னார்: "தாயே அங்காளம்மா, எம் பேத்திக்கு அஞ்சு வயசு முடியற வரைக்கும் எம் மருமவ அந்தப் பொட்டிய கையால தொடமாட்டா. தொட்டா நீ கேளு."

ஐந்து வயது. டாக்டர் சொன்ன கணக்கை எடுத்து அம்மனிடம் கொடுத்துவிட்டார். வேண்டுதல் அவருடையது. கை என்னுடையது.

என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தொட்டா நீ கேளு. யாரைக் கேட்பாள்? என்னையா, இலக்கியாவையா?

13.5.2008

லீவு பாதி போய்விட்டது, சிடி கடை மெஷினில் ஓடவில்லை. ஒவ்வொரு மெஷினிலும் ஒவ்வொரு டிஸ்ப்ளே கார்டு. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மாதிரி திருத்த வேண்டும். திருத்தத் தெரிந்தவள் தொடக் கூடாது.

அவர் அத்தையிடம் போய் நின்றார். "இன்னாம்மா பண்றது? பேஜாரா கீது." அத்தை யோசிக்கக்கூட இல்லை. "தொடமாட்டான்னுதான் வேண்டிக்கினேன். பேசமாட்டான்னா வேண்டிக்கினேன்? இவ சொல்லட்டும். சின்னவன் தட்டட்டும்."

சின்னவன் என்றால் சந்தோஷ், அவருடைய தம்பி. இன்ஜினியரிங் முடித்து, அரியர் முடிக்காமல் வீட்டில் இருக்கிறான்.

15.5.2008

நடைமுறை இப்படி: மெஷினுக்கு முதுகைக் காட்டி நான் கட்டிலில் உட்கார வேண்டும். திரையின் வெளிச்சம்கூட என் முகத்தில், குழந்தைமேல் படக் கூடாது. இது அத்தை பிற்பாடு சேர்த்தது. சந்தோஷ் திரையில் இருப்பதைப் படிப்பான். நான் சொல்வதை அடிப்பான், ஒரே விரலால்.

"சி, பி அடி, சின்ன கோடு போடு, ஆர்..."

"இருங்க அண்ணி. ஆர் எங்க கீது... ஆங். சின்ன ஆரா பெரிய ஆரா?"

"சின்னது."

"அண்ணி, நீங்க முதுக காட்டிக்கினு சொல்றத பாத்தா சாமி ஏறுன மாதிரியே கீது. குறி சொல்லுங்க தாயே, எனக்கு அரியர் எப்ப கிளியராவும்?"

சிரித்துவிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு. கதவருகில் இலக்கியாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தை முறைத்தார். இலக்கியா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

1.6.2008

கடையில் எல்லா மெஷினிலும் ஓடிவிட்டது. சந்தோஷ் ஓடிவந்து சொன்னான். நான் பார்க்கவில்லை. எப்படித் திரையில் வருகிறது, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று அவன் சொல்லித்தான் தெரியும். நான் திருத்திக் கட்டியதை நான் இன்னும் பார்க்கவில்லை.

22.6.2008

கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ஞாயிறு என்பதால் பையன்கள் மொய்த்துக்கொண்டு, "அண்ணா, சந்தோஷ் சிடி போடுங்க" என்கிறார்கள். சிடியின் மேலேயே மார்க்கரில் எழுதிவைத்திருக்கிறது: சந்தோஷ் சிடி.

"நான்தான் செஞ்சேன்னு சொன்னா என்னாங்க?" என்று அவரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "நீ எங்க செஞ்ச? நீ சொன்ன. அவன் செஞ்சான்" என்றார், டிபன் கேரியரைத் திறந்துகொண்டே.

20.8.2008

தொட்டுவிட்டேன்.

ஒரே ஒரு வரி. வீட்டில் யாரும் இல்லை. சந்தோஷ் அடித்ததில் ஒரு பிழை, இரண்டு நாளாய் என்ன சொல்லியும் அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. உட்கார்ந்தேன், பார்த்தேன், அடித்தேன், எழுந்துவிட்டேன். விரல் நுனி குறுகுறுவென்று இருந்தது. சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

26.8.2008

காய்ச்சல். மறுபடியும் இழுத்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது, எனக்கு ஒரு ஆயுள்.

28.8.2008

எனக்குத் தெரியும். ஊர் முழுக்கக் காய்ச்சல். எதிர்வீட்டுப் பையனுக்கும் வந்திருக்கிறது. அவன் அம்மா எதைத் தொட்டாள்? வைரஸ் காய்ச்சலுக்கும் கீபோர்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. டிகிரி படித்தவள். எனக்குத் தெரியும்.

மெஷினுக்குத் துணி போட்டு மூடியிருக்கிறது. அந்தத் துணியின்மேல்கூடக் கை படாமல் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

17.1.2009

திண்டிவனத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியின் கரெஸ்பாண்டன்ட், சவுரிராயன் என்று பெயர், கடைக்கு வந்தாராம். யாரோ கம்பெனி தூக்கிப்போட்ட பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி வைத்திருக்கிறார். ஹார்ட் டிஸ்க் இல்லை. "பிள்ளைங்க மௌஸ் பிடிக்கக் கத்துக்கணும். கேம் வழியா கத்துக்கிட்டா பயம் போயிடும். இந்த சிடி பண்ணவரை நம்ம லேபுக்கே போட்டுடலாம்" என்றாராம்.

திண்டிவனம். அப்பா வேர்க்கடலை விதைக்கிற மல்லாட்டைக் கொல்லையிலிருந்து நடந்து போகிற தூரம். இலக்கியாவையும் அதே பள்ளியில் சேர்த்துவிட்டு, கூடவே போய்க் கூடவே வரலாம். காய்ச்சல் என்றால் உடனே தூக்கிக்கொள்ளலாம். எனக்காகவே வரைந்து வைத்த மாதிரி ஒரு வேலை.

18.1.2009

நான் போகட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "அந்த சாரு கேட்டது சிடி பண்ணவன" என்றார். "பண்ணவனை அனுப்பறேன்."

"எனக்குத்தானே தெரியும்."

"தெரிஞ்சு? அங்க போயி முதுகு காட்டிக்கினு உக்காருவியா?"

2.2.2009

சந்தோஷ் வேலையில் சேர்ந்தான். போகும்போது என் காலில் விழப்பார்த்தான். "அண்ணி, தப்பா நெனச்சிக்காதீங்க." பாவம், அவன் என்ன செய்வான்? தப்பாக நினைக்காமல் இருப்பதும் என் வேலைதான் போலிருக்கிறது.

11.3.2009

தினமும் போன் வருகிறது. இன்று கேப்பைக் களி கிளறிக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, ஒரு மெஷினுக்குச் சத்தம் வரவைத்தேன்.

"மெதுவா பேசுங்க அண்ணி. பக்கத்துல மிஸ் கீறாங்க, கேட்டுறப் போவுது."

என் சமையலறையில் நான் மெதுவாகப் பேச வேண்டும். அங்கே யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்று.

களி அடிப்பிடித்துவிட்டது. அதற்கும் ஒரு பேச்சு வாங்கினேன்.

30.11.2009

இலக்கியாவுக்குக் காய்ச்சல். இரண்டு நாள். இழுக்கவில்லை. ஈரத்துணி, சிரப், டாக்டர் சொன்னபடி எல்லாம். அத்தை சொன்னார்: "பாத்தியா? நீ தொடாம இருந்த, ஆத்தா காப்பாத்திட்டா." சொல்லும்போது என்னைக் கொஞ்சம் பிரியமாகக்கூடப் பார்த்தார். என்னால் பதிலுக்குப் பார்க்க முடியவில்லை.

8.5.2010

சந்தோஷுக்குச் சென்னையில் கம்பெனி வேலை. இன்டர்வியூவில் சிடியைப் போட்டுக் காட்டினானாம். இனிப்பு வாங்கிவந்தான். தனியாக வந்து சொன்னான்: "பழைய ஸ்கூல்ல சார் கிட்ட சொல்லிட்டேன் அண்ணி, பண்ணது எல்லாம் எங்க அண்ணிதான்னு."

"என்ன சொன்னார்?"

"சிரிச்சாரு. அண்ணி மேல ரொம்பப் பாசம் போலன்னாரு."

19.5.2010

சவுரிராயன் போன் செய்திருக்கிறார். லேபுக்கு ஆள் கிடைக்கவில்லை, "அந்த அண்ணி" நிஜமாகவே இருந்தால் ஜூன் முதல் வாரத்தில் வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று.

இந்த முறை என் வீட்டுக்காரர் மறுக்கவில்லை. கையில் இருக்கிற போனிலேயே நெட் வந்துவிட்டது. நெட் சென்டரில் கூட்டம் இல்லை. அத்தையிடம் அவரே பேசினார். "டீச்சர் வேலதாம்மா. வாயால சொல்லிக் குடுக்கறதுதான். புள்ளைங்கதான் தட்டும்." அத்தை என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "தொடாம பாத்துக்குவியா? இன்னும் அஞ்சு முடியல புள்ளைக்கி."

"பாத்துக்கறேன் அத்தை."

முடியுமா? லேப் முழுக்கக் கீபோர்டுகள் இருக்கும். அது இருக்கட்டும். தொடச் சொன்னாலும் என்னால் தொட முடியுமா?

4.6.2010

காலையில் திண்டிவனம் போனோம், நானும் இலக்கியாவும். அவர் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, வேலை இருக்கிறது என்று போய்விட்டார். நல்லதாகப் போயிற்று.

சவுரிராயன் பெரியவர், மரியாதைக்காரர். லேபில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு மெஷினைக் காட்டினார். "இது ரெண்டு மாசமா கறுப்புத் திரைதான். பாருங்கம்மா." செந்தாமரை என்று ஆபீஸ் பெண் ஒருத்தி கூட நின்றாள்.

பழக்கதோஷம். திரும்பி உட்காரப் பார்த்தேன். "நீ தட்டும்மா, நான் சொல்றேன்" என்று செந்தாமரையிடம் சொன்னேன். அவர் குறுக்கிட்டார். "நீங்களே பண்ணுங்க. அப்பத்தானே எனக்குத் தெரியும்?"

நியாயம்தான். இப்படி யாராவது ஒருத்தர் கேட்க மாட்டாரா என்றுதானே இரண்டு வருஷமாய் ஏங்கினேன்?

இலக்கியா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். கழுத்தில் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது. அதே கையைக் கீபோர்டில் வைத்தேன்.

கறுப்புத் திரையை விட்டு எழுத்துத் திரைக்கு வந்தேன். முதல் வரியில் இரண்டு பிழை. அப்புறம் கை தானாகப் போனது. நான் சொல்லிச் சொல்லி எழுதவைத்த, ஒருநாளும் பார்த்திராத கோப்புகள் எல்லாம் நான் வைக்கச் சொன்ன இடத்திலேயே இருந்தன. ஒரு வரி மாற்றினேன். ஆட்டத்தை மறுபடி ஓடவிட்டேன். கறுப்பு. அப்புறம் குண்டுகள்.

"ஓ" என்றார் சவுரிராயன். "அவன் நிஜத்தைத்தான் சொல்லியிருக்கான்" என்றார். திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார். இலக்கியாவுக்கு யூ.கே.ஜி.யில் இடம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த இலக்கியா, கூட்டேரிப்பட்டு வரைக்கும் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் கேட்டாள்: "அம்மா, எனக்கு இப்ப வலிப்பு வருமா?"

"ஏன்டி கேக்கற?"

"நீ தொட்டியே."

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்க வேண்டுமா? அத்தை கதவருகில் உட்காரவைத்து ஆரம்பித்து, இரண்டு வருஷமாய்ச் சொன்ன பாடம். என் பிள்ளை, என் கையைப் பார்த்துப் பயப்படுகிறாள். "வராதுடி தங்கம். அது காய்ச்சலால வர்றது. அம்மாவால இல்ல." நம்பினாளா? தெரியவில்லை. விக்கிரவாண்டி தாண்டும்போது என் மடியில் தூங்கிப்போனாள். நான் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். இறங்கும் வரை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை என்னைக் கேட்கவில்லை. குனிந்து இலக்கியாவின் தாடையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ந்தா கண்ணு, நெஜத்த சொல்லு. உங்கம்மா பொட்டிய தொட்டாளா?"

நான் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. சத்தியமாக ஒரு வார்த்தை சொல்லிவைக்கவில்லை.

"இல்ல ஆயா" என்றாள் இலக்கியா. "அம்மா சொல்லிச்சி. செந்தாமர அக்கா தட்டிச்சி."

திக்கவில்லை. என் பக்கம் ஒரு பார்வைகூட இல்லை. பெயரைக்கூட நினைவாக எடுத்துச் சேர்த்துக்கொண்டாள். அத்தை அவள் தலையைத் தடவி, "எங் குலசாமி, பொய்யே தெரியாது" என்று உள்ளே போய் விபூதி எடுத்துவந்து இரண்டு பேருக்கும் பூசினார். என் நெற்றியிலும். அவர் கை மெத்தென்று இருந்தது.

நான் மறுக்கவில்லை. அவளைப் பொய் சொல்லாதே என்றும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்ல?

இப்போது தூங்குகிறாள். உடம்பு குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை எங்கள் இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடம்.